அடிபட்ட மானைத் தேடிப் பிடிக்க நாய் பழக்குறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், இது அங்க செஞ்சு பாக்குற வேலை இல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை பெரிய குத்தம், வேட்டை நாயோட காப்புக்காட்டுக்குள்ள நுழைஞ்சாலே மாட்டிக்குவீங்க. நான் எழுதப்போறது ஜெர்மனியில நடக்கிற முறை. இங்க எக்ஸாம் எழுதி லைசென்ஸ் வாங்கினவங்க சட்டப்படியே மானும் காட்டுப்பன்னியும் சுடுறாங்க, ஆனா சுட்டது அடிபட்டு ஓடிப்போச்சுன்னா சரி போகட்டும்னு வீட்டுக்குக் கெளம்பிட முடியாது, அது தேவையில்லாம வலியில கெடக்காம பாத்துக்கணும்னு வேட்டைச் சட்டத்துலயே தனியா எழுதி வச்சிருக்காங்க. அதுக்குத்தான் இந்த நாய். நெஞ்சுல சரியா குண்டு பட்ட மான்கூட அம்பது நூறு மீட்டர் ஓடிட்டு விழும், அதுவே புதர்க்காட்டுல, இருட்டுற நேரத்துலன்னா பத்தடி தள்ளிக் கெடந்தாலும் மனுசக் கண்ணுக்குத் தெரியாது.

லைசென்ஸ் கையில வந்தாச்சு, அடுத்து நாய் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்கள மனசுல வச்சு எழுதுறேன். வேட்டை சம்பந்தமே இல்லாதவங்களும் படிக்கலாம், முதல் பாதியை வீட்டுத் தோட்டத்துல ஒரு ஈரல் துண்டை இழுத்து எந்த நாய்க்கும் விளையாட்டாவே பழக்கிடலாம்.

என்னத்தப் பழக்குறோம்

நாய்க்கு மோப்பம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போறோம்னு நெனச்சுத்தான் நெறைய பேர் ஆரம்பிக்கிறாங்க. மோப்பம் அது பொறக்கும்போதே கொண்டுவர்றது, அதுல நமக்கு ஒரு வேலையும் கெடையாது. நாம சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: குறுக்க பத்து மான் போயிருந்தாலும், அதுல ஒண்ணு இப்பத்தான் அஞ்சு நிமிசம் முன்னாடி போயிருந்தாலும், நேத்து சாயங்காலம் அடிபட்டுப் போன அந்த ஒரு மானோட தடத்தை மட்டும் விடாம பிடிச்சுட்டுப் போறது. புதுத் தடம்தான் நாய்க்கு ஜாலி, பழைய தடம் போர், அந்தப் போரான வேலையில அதுக்கு ருசி வரவைக்கிறதுதான் மொத்தப் பயிற்சியும்.

ரத்தத்தை மோந்துதான் போகுதுன்னு எல்லாரும் நெனப்பாங்க, பாதிதான் சரி. மானுக்குக் கால் குளம்புகளுக்கு நடுவுல ஒரு சுரப்பி இருக்கு, ஒவ்வொரு அடியிலயும் அதோட வாசனை மண்ணுல ஒட்டும், ஒவ்வொரு மானுக்கும் அது கொஞ்சம் வேற வேற. இதோட மிதிபட்ட புல்லு, கெளறின மண்ணு, உதிர்ந்த முடி எல்லாம் சேர்ந்துதான் தடம். அதனாலதான் ரத்தம் சுத்தமா நின்னுபோன எடத்துலயும் நல்ல நாய் போய்க்கிட்டே இருக்கும், பின்னாடி வர்ற நமக்குத்தான் ஒரு சொட்டுகூட காணோமேன்னு பதறும்.

எந்த நாய்

இங்க இதுக்குன்னே வளர்த்த ஜாதிகள் இருக்கு. ஹனோவேரியன் ஷ்வைஸ்ஹுண்ட், பவேரியன் மவுண்டன் ஹவுண்ட், ஆல்ப்ஸ் பக்கத்து டாக்ஸ்பிராக்க, இந்த மூணும்தான் பெரிய பேரு. ஹனோவேரியனுக்கான சங்கம் 1894லயே ஆரம்பிச்சது, பவேரியனுக்கு 1912. ஆனா இந்தக் குட்டிகளை யார் கேட்டாலும் தந்துட மாட்டாங்க, வருசத்துக்கு எத்தன தேடல் கெடைக்கும், எந்தக் காட்டுல வேலைன்னு கேட்டு, திருப்தியானாத்தான் தருவாங்க, அது நியாயமும்கூட. இந்த மாதிரி நாயை வாங்கி வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ மட்டும் வேலைக்குக் கூட்டிட்டுப் போறது அதுக்குச் செய்ற கொடுமை.

புதுசா வர்றவங்களுக்கு என்னோட சாய்ஸ் வயர்ஹேர்ட் டேக்ஸ்ஹண்டுதான், இங்க டெக்கல்னு சொல்லுவாங்க. ஒன்பது கிலோவுக்குள்ள இருக்கும், காரு, ஃபிளாட் எதுலயும் அடங்கும், மூக்கு தரையோட தரையா இருக்கும், பிடிவாதம் ஜாஸ்தி, இந்த வேலைக்கு அந்தப் பிடிவாதம்தான் வேணும். கொறைன்னு பாத்தா, கால் ஒடஞ்ச மான் எழுந்து ஓடுச்சுன்னா தொரத்திப் பிடிச்சு நிறுத்துற வேகம் அதுக்குக் கெடையாது. லாப்ரடாரும், டிராத்தார்னு சொல்ற கம்பி மாதிரி முடி இருக்கிற ஜெர்மன் வேட்டை நாயும் நல்லா செய்யும், டிராத்தார் ஏற்கெனவே நூறு வேலை செய்ற நாய்ங்கிறதால மூக்கைக் கீழ வச்சு மெதுவா நடக்கப் பழக்கத்தான் கொஞ்சம் பாடு.

சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி எல்லாம் வேட்டை நாய்தானே, அது செய்யாதான்னு ஊர்ல இருந்து எப்பவும் ஒருத்தர் கேப்பார். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால பாத்துத் தொரத்துற ஜாதி, வெட்டவெளியில முயலைப் பாத்துட்டா மின்னலா போகும். பொறுமையா நேத்தைய தடத்தை மோந்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் நடக்கிறது அதோட ரத்தத்துல இல்ல. மூக்கு இல்லன்னு சொல்லல, எந்த நாயும் கொஞ்சம் கத்துக்கும், ஆனா எதுக்குப் பொறந்துச்சோ அத விட்டுட்டு வேற எதையோ கேக்கிறோம்.

சாமான்

அதிகமா ஒண்ணும் வேண்டாம். அகலமான கழுத்துப்பட்டை, அதுல கயிறு முறுக்கிக்காம சுத்துற வளையம் இருக்கணும். பத்து மீட்டர் கயிறு, பளிச்சுனு ஆரஞ்சு கலர்ல, தண்ணி உறிஞ்சாத பிளாஸ்டிக் பூசின வகையா வாங்குங்க, தோல் கயிறு பாக்க அழகா இருக்கும், மழையில நனைஞ்சா வெயிட்டாகி வழுக்கும். கயிறோட கடைசியில கைப்பிடி வளையமோ முடிச்சோ வேண்டவே வேண்டாம், புதர்ல மாட்டிக்கிட்டா ரெண்டு பேரும் அங்கயே நிக்க வேண்டியதுதான். கையுறை, ஹெட்லைட், மரத்துல கட்ட கலர் டேப், நெறைய தண்ணி, அவ்வளவுதான். ஜிபிஎஸ் காலர் காட்டுக்குப் போற அன்னிக்கு வேணும், பயிற்சிக்குத் தேவையில்ல.

அந்தப் பட்டை ரொம்ப முக்கியம். இந்த வேலைக்கு மட்டும்தான் அதைப் போடணும், கடைக்குப் போறதுக்கெல்லாம் வேற பட்டை. கொஞ்ச மாசத்துல அந்தப் பட்டையைக் கையில எடுத்தாலே நாயோட மூஞ்சி மாறும், இன்னிக்கு விளையாட்டு இல்ல வேலைன்னு அதுக்கே தெரிஞ்சுடும்.

குட்டியா இருக்கும்போது

எட்டு பத்து வாரக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்துலயே ஆரம்பிக்கலாம். ஒரு துண்டு மான் ஈரலோ தோலோ கயித்துல கட்டி, புல்லுல இருபது முப்பது மீட்டர் நேரா இழுத்துட்டுப் போங்க, முடிவுல அந்தத் தோலையே வச்சு மேல அதோட சாப்பாட்டையும் வச்சிடுங்க. காத்து உங்க முதுகுல அடிக்கிற மாதிரி திசை பாத்து இழுக்கணும், அதாவது ஆரம்பத்துல இருந்து முடிவை நோக்கிக் காத்து போகணும். எதுத்தாப்புல காத்து வந்தா குட்டி தலையைத் தூக்கி முடிவுல இருக்கிற சாப்பாட்டு வாசனையைப் பிடிச்சு நேரா ஓடிடும், தடத்துல மூக்கே வைக்காது, நீங்க ஆஹா என் குட்டி எவ்ளோ ஸ்பீடுன்னு சந்தோசப்படுவீங்க, அது தப்பான பாடத்தைப் படிச்சிருக்கும்.

ஆரம்பிக்கிற எடத்துல அவசரமே கூடாது. நாயைக் கொஞ்ச தூரத்துல உக்கார வச்சுட்டு, நீங்க மட்டும் போய்க் குனிஞ்சு அந்த எடத்தை நல்லா பாருங்க, தொட்டுப் பாருங்க, அது உங்களைப் பாத்துட்டே இருக்கும். அப்புறம் வந்து பட்டையை மாட்டி, மெதுவா கூட்டிட்டுப் போய், கையால தரையைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, தமிழ்லயே "தேடு"ன்னு வச்சுக்கோங்க, நாய்க்கு ஜெர்மன்தான் புரியும்னு ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தடவையும் இதே வரிசை, இதே வார்த்தை. அப்புறம் வாயை மூடிக்கணும். நல்ல பையன், வெரி குட், அங்க இல்ல இங்கன்னு பேசிக்கிட்டே போறவங்கள நெறைய பாத்திருக்கேன், அந்த நாய் தடத்தைப் பாக்கிறத விட்டுட்டு ஓனர் மூஞ்சியப் பாத்துட்டு நடக்கும்.

ரத்தத் தடம்

நாலஞ்சு மாசத்துல இருந்து ரத்தத்துக்கு மாறலாம். மான் ரத்தத்தை வேட்டை முடிஞ்ச கையோட பிடிச்சு, உறையாம இருக்கக் கையாலயே கிண்டி, நார் மாதிரி வர்றதை எடுத்துப் போட்டுட்டு, 250 மில்லி பாட்டில்ல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சுக்கோங்க, வீட்ல கேட்டுட்டு வைங்க. இந்த 250 மில்லி சும்மா சொன்ன கணக்கு இல்ல, கடைசியில சொல்லப்போற நாய்ங்களுக்கான பெரிய டெஸ்ட்ல ஒரு கிலோமீட்டருக்கே கால் லிட்டர்தான் கொடுக்கிறாங்க. ஆரம்பத்துல நூறு மீட்டருக்கு அந்தக் கணக்கை விட தாராளமா போட்டு, போகப்போகக் கொறைச்சுக்கோங்க.

போடுற விதம் ரெண்டு. பாட்டில் மூடியில ஓட்டை போட்டுச் சொட்டு சொட்டா விடலாம், இல்லன்னா நீளக் குச்சி நுனியில சின்ன ஸ்பாஞ்சைக் கட்டி ரத்தத்துல தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எட்டுலயும் ஒத்தி எடுக்கலாம். ரெண்டையும் விட நல்லது தடச் செருப்பு, அடியில நிஜ மான் குளம்பை மாட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி கடையில விக்குது, மேல சொன்ன குளம்புச் சுரப்பி வாசனை அப்படியே தரையில வரும், ரத்தம் ரொம்ப கொஞ்சம் போட்டாப் போதும். ரெண்டு செருப்புலயும் ஒரே மானோட குளம்பா இருக்கணும். வேற வேற மான் குளம்பை மாட்டினா ஒரு தடத்தையே பிடிடான்னு சொல்லிக்கொடுக்கிற எடத்துல நாமளே ரெண்டு மானைக் கலந்து விடுறோம்.

தடத்தை எங்க போட்டோம்னு நமக்கு ஞாபகம் இருக்க மரத்துல டேப் கட்டுவோம். நாய் பலே கில்லாடி, நாலு தடவைக்கு அப்புறம் டேப் கட்டின மரத்தையும் உங்க ஷூ வாசனையையும் பிடிச்சுட்டுப் போகக் கத்துக்கும். அதனால டேப்பை நாய் வர்ற பக்கம் கட்டாம மரத்துக்குப் பின்னாடி உசரமா கட்டுங்க, ஆறு மாசத்துக்கு மேல வேற யாரையாவது தடம் போடச் சொல்லுங்க, நீங்க எங்க போகுதுன்னே தெரியாம பின்னாடி நடங்க. இது ரொம்ப கஷ்டமான கட்டம், நாயை விட உங்களுக்கு. தடம் எங்கன்னு தெரிஞ்ச ஆளு தன்னையறியாம கயித்துல சொல்லிக்கொடுத்துட்டே இருப்பான்.

நேரத்தையும் தூரத்தையும் ஒண்ணாக் கூட்டாதீங்க. முதல்ல தடம் போட்டு ரெண்டு மணி நேரம் ஆறவிட்ட நூறு மீட்டர், அப்புறம் அதே நேரத்துக்கு முந்நூறு, அதுக்கப்புறம் தூரத்தைக் கொறைச்சு ராத்திரி முழுக்க ஆறவிட்ட தடம், இப்படி மாத்தி மாத்தி. வளைவு ஒண்ணொண்ணா சேருங்க. நடுவுல ஒரு எடத்துல கொஞ்சம் ரத்தம் ஜாஸ்தி ஊத்தி, முடி கொஞ்சம் போட்டு, மான் படுத்து எழுந்த எடம் மாதிரி பண்ணுங்க, அங்க நாய் நின்னு காட்டணும், காட்டினா அதுக்குப் பக்கத்துல குனிஞ்சு நீங்களும் பாத்துட்டு மெதுவா தட்டிக்கொடுங்க. இந்தப் பாராட்டுதான் பின்னாடி காட்டுல ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட உங்களுக்குக் காட்டவைக்கும்.

வாரத்துக்கு ஒண்ணு போதும். பத்து நாளைக்கு ஒண்ணுன்னாலும் தப்பில்ல. தெனமும் தடம் போட்டா நாய்க்கு அது மனப்பாடமாகி, அரைகுறையா மோந்துட்டு ஓட ஆரம்பிச்சுடும், அந்த அவசரத்தைத் திருத்துறதுக்கு வருசம் ஆகும். உச்சி வெயில்லயும் காஞ்ச மண்ணுலயும் ஆரம்பத்துல வேண்டாம், ஈரமான காலை நேரம்தான் வாசனை தரையில நல்லா தங்குற நேரம், லேசான தூறலுக்கெல்லாம் பயப்படத் தேவையில்ல.

நாயைப் படிக்கிறது

எழுத்துல சொல்லிக்கொடுக்க முடியாத பகுதி இதுதான், ஆனாலும் சொல்றேன். தடத்துல இருக்கும்போது நாயோட மூச்சுச் சத்தம் ஒரே சீரா இருக்கும், வால் ஒரு மாதிரி ஆடும், கயிறு ஒரே இழுவையில இருக்கும். தடத்தை விட்டுட்டா தலை மேல வரும், நடை வேகமாகும், இல்லன்னா ஒரு மரத்துல காலைத் தூக்கும். புது மான் தடத்துல மாறிடுச்சுன்னா கயிறு திடீர்னு விறைக்கும், உடம்பே சந்தோசமாகும். அந்தச் சந்தோசத்தைத்தான் சந்தேகப்படணும்.

விட்டுட்டா திட்டாதீங்க, இழுக்காதீங்க. அப்படியே நில்லுங்க. மரம் மாதிரி நின்னு கயித்தை மட்டும் விட்டுக்கொடுத்தா அதுவே அரை வட்டமா சுத்தி மறுபடி பிடிக்கும். அஞ்சு நிமிசத்துல பிடிக்கலன்னா கடைசியா ரத்தம் பாத்து டேப் கட்டின எடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி "தேடு". மான் சில சமயம் வந்த வழியிலயே கொஞ்சம் திரும்பிப் போய்ப் பக்கத்துல தாவிடும், அங்கதான் புது ஆளுங்க முன்னாடியே போகணும்னு நாயைத் தள்ளிட்டு மொத்தத்தையும் கோட்டை விடுறாங்க.

நிஜத் தேடல்

சுட்ட எடம்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். சுட்டவர் ஒரு ஒடிச்ச கிளையை அங்க நட்டு வச்சுட்டு விலகி வந்துடணும், நண்பர்களைக் கூட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுத் தேடி மிதிச்சு வச்சாங்கன்னா ஒவ்வொருத்தர் ஷூவும் ரத்தத்தைக் காடு முழுக்கப் பூசி விட்டுடும், நாய் பாவம் நாலு பக்கமும் தடம்னு நிக்கும். எடத்துல என்ன கெடக்குன்னு முட்டி போட்டுப் பாருங்க. வெளிர் சிவப்புல நுரையோட ரத்தம்னா நுரையீரல், பெரும்பாலும் கிட்டயே செத்துக் கெடக்கும். கருஞ்சிவப்பா ப்ரவுன் கலந்து இருந்தா கல்லீரல். பச்சையா தீனி கலந்து நாத்தம் அடிச்சா வயிறு, குடல். எலும்புச் சில்லு நீளக் குழாய் மாதிரி இருந்தா கால்.

இப்ப யாருக்கும் பிடிக்காத வேலை: காத்திருக்கிறது. கல்லீரல்னா மூணு நாலு மணி நேரம், குடல்னா அதுக்கும் மேல, சாயங்காலம் சுட்டதுன்னா மறுநாள் விடிஞ்சப்புறம் போறதுதான் பெரும்பாலும் சரி. அடிபட்ட மான் தொந்தரவு இல்லன்னா பக்கத்துலயே ஒரு புதர்ல படுத்துடும், அங்கயே உயிரும் போயிடும். உடனே போய் எழுப்பினா மிச்ச உயிரோட கிலோமீட்டர் கணக்குல ஓடும், அதுக்கும் வேதனை நமக்கும் வேதனை. கோடையில இறைச்சி கெட்டுடுமேன்னு சுட்டவர் அவசரப்படுத்துவார், கெடட்டும்னு சொல்ற தைரியம் நாய் வச்சிருக்கிறவருக்கு வேணும்.

உங்க நாயோட முதல் நிஜ வேலை சுலபமா இருக்கணும். மான் விழுந்ததை யாரோ பாத்திருக்காங்க, நூறு நூத்தம்பது மீட்டர்ல செத்துக் கெடக்கு, அத எடுக்காம விட்டு வைக்கச் சொல்லி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு நாயை விடுங்க. கண்டுபிடிச்சதும் அது மானைக் கொஞ்ச நேரம் கடிச்சு இழுத்துத் தன்னோடதுன்னு நெனச்சுக்கட்டும், நீங்க கட்டிப்பிடிச்சுக் கொண்டாடுங்க, இங்க மட்டும் எவ்வளவு சத்தம் வேணா போடலாம். கால் ஒடஞ்சது, தாடை ஒடஞ்சதுன்னு தெரிஞ்சா நீங்க போகாதீங்க. அதுக்குத் தொரத்திப் பிடிச்சு நிறுத்துற பெரிய நாயும், உயிரோட நிக்கிற மிருகத்துக்குப் பக்கத்துல போய்ச் சுடத் தெரிஞ்ச ஆளும் வேணும்.

காட்டுப்பன்னி தனிக் கதை. அடிபட்ட பன்னி ஓடாம உங்களை நோக்கித் திரும்பும், ஆணோட கோரைப்பல் தொடையைக் கிழிச்சுடும், நாய்க்கு வயித்துல ஒரு வெட்டு விழுந்தா காட்டுலயே முடிஞ்சது. பன்னிக்குப் போற நாய்க்குக் கெட்டியான பாதுகாப்பு ஜாக்கெட் இல்லாம போகாதீங்க, புது நாயைப் பன்னிக்கு விடவே விடாதீங்க. இன்னொண்ணு, பன்னியோட பச்சை இறைச்சி, குடல், ஈரல் எதையும் நாய் வாயில படவிடக் கூடாது. ஜெர்மன் காட்டுப்பன்னிங்களுக்கு நடுவுல ஆவுஜெஸ்கின்னு ஒரு வைரஸ் இருக்கு, மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது, நாய்க்கு வந்தா ரெண்டு மூணு நாள்ல சாவுதான், மருந்தே கெடையாது. மான் வேலையில பரிசா கொஞ்சம் பச்சை ஈரல் கொடுத்துப் பழகினவங்க பன்னிலயும் அதே கையோட கொடுத்துடுறாங்க.

ஒண்ணும் கெடைக்காத நாளும் வரும், அடிக்கடி வரும். சில சமயம் குண்டே படல, சில சமயம் தசையில உரசிட்டுப் போயிருக்கும், மான் நல்லா இருக்கும். அப்பவும் நாய் ஐநூறு அறுநூறு மீட்டர் போய்ப் பாத்து ஒண்ணும் இல்லன்னு உறுதி பண்ணினா அந்த வேலை முடிஞ்ச மாதிரிதான்.

டெஸ்ட்

வேலைக்குப் போற நாய்னு ஏத்துக்க ஒரு டெஸ்ட் பாஸாகணும், மாநிலத்துக்கு மாநிலம் ரூல் வேற, நெறைய எடத்துல ராத்திரி முழுக்க ஆறின 400 மீட்டர் தடம். அதுக்கு மேல சங்கங்களோட பெரிய டெஸ்ட், கொறஞ்சது ஆயிரம் மீட்டர், ரெண்டு செங்குத்து வளைவு, ரெண்டு படுக்கை எடம், இருபது மணி நேரம் இல்லன்னா நாப்பது மணி நேரம் ஆறின தடம். வழி தவறின நாயை ரெண்டு தடவ வரைக்கும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி விடலாம், மூணாவது தடவ ஃபெயில்.

டெஸ்ட் பாஸான நாயை உடனே பெரிய வேலைக்குக் கூட்டிட்டுப் போகாம, உங்க மாவட்ட வேட்டைச் சங்கத்துல அங்கீகாரம் வாங்கின தேடல் நாய்க்காரங்க லிஸ்ட் இருக்கும், அவங்கள்ல ஒருத்தர் கூட ஒரு சீசன் பின்னாடியே நடங்க, நாய் இல்லாம, டேப் கட்டுற ஆளா. பல மாநிலங்கள்ல அவங்களுக்குத்தான் பக்கத்து வேட்டை எல்லையைத் தாண்டித் தேடுற உரிமையும் இருக்கு, உங்களுக்கு இருக்காது, எல்லைக்கோட்டுல நின்னு போன் போட வேண்டி வரும். அந்த நம்பர்களைத் துப்பாக்கி எடுத்துட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடியே போன்ல ஏத்தி வச்சுக்கோங்க, காட்டுக்குள்ள நெட் எடுக்காது.